மடியில் கனம்

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்று சொல்லி வைத்தவர் எவரோ, அவர் நல்லசிவத்தோடு ஒரு நாளும் பஸ்ஸில் போயிருக்க மாட்டார். நல்லசிவத்துக்கு மடியில் கனம் இருந்தால்தான் பயமே கிடையாது. அஞ்சு கிலோ அரிசிப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான் என்றால் அவனைக் காசிக்கே கூட்டிக்கொண்டு போகலாம். பை இல்லையென்றால் அடுத்த தெரு டீக்கடை கூடக் காசி தூரம்தான்.

இதைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, ஊர்க்காவலன். விருதுநகரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்று வியாபாரக் குடும்பங்கள் சேர்ந்து தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு வீடு எடுத்திருந்தார்கள். பிள்ளைகள் என்றால் கைப்பிள்ளைகள் இல்லை, மூன்று பேருக்கும் மீசை முளைத்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டிலேயே தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்வது ஊர்க்காவலன் வேலை. அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை பார்த்தவன். "அங்கன கவனம் பிசகுனா உசுரு போகும், இங்கன கவனம் பிசகுனா ஒருநாப் பொழுது போகும், அம்புட்டுத்தான்" என்பான்.

நல்லசிவத்துக்கு முப்பத்தொரு வயது. பட்டாசு முதலாளி சங்கரபாண்டியனின் மகன். வெடிச் சத்தத்துக்கு நடுங்குவான் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அவன் பிறந்ததே அந்தச் சத்தத்தில்தான், காதுக்குப் பக்கத்தில் சரவெடி போட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். மிக்ஸிதான் அவனுக்கு எமன். ஒருநாள் பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸியைப் போட, காதைப் பொத்திக்கொண்டு வீடெல்லாம் ஓடியவன், கடைக்காரப் பையன் அப்போதுதான் இறக்கி வைத்த அரிசிப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஐந்து நிமிஷத்தில் ஆள் முனகிப் பாட ஆரம்பித்தான். ஊர்க்காவலன் அன்றைக்கே ஒரு மஞ்சப்பையில் அஞ்சு கிலோ அரிசியைப் போட்டு வாயைத் தைத்துவிட்டான். அதற்கப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை அரிசியையும் பையையும் மாற்றிவிடுவான்.

இப்படி ஊரான் வீட்டுப் பிள்ளையின் மனசை அறிந்தவன், சொந்தத் தங்கச்சி மனசைக் கோட்டை விட்டிருந்தான். ஆவணி பிறந்ததும் ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேல்விழி போன் செய்தாள்.

"அண்ணே, உனக்குக் கூடப் பொறந்தவ நான் ஒருத்திதான். புள்ள பொறந்தப்ப நீ வரல. தொட்டில்ல போட்டப்ப வரல. காதுகுத்துக்கு ரெண்டு தடவ நாள் குறிச்சேன், ரெண்டு தடவயும் வரல. ஐப்பசி வந்தா எழிலுக்கு நாலு வயசு, ரெட்டப்படையில குத்தக் கூடாது. வர்ற வெள்ளிக்கெழம குலசாமி கோயில்ல வச்சிருக்கோம். இந்தத் தடவயும் நீ வரலன்னா வேற ஆள் மடியில வச்சுக் குத்திருவேன். அப்புறம் நீ யாரோ, நான் யாரோ."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்திய பிள்ளை அந்த வம்சத்திலேயே கிடையாது. ஊர்க்காவலனுக்குப் போக ஆசை இல்லாமலா? அவன் கிளம்புவதற்குச் செருப்பை மாட்டினாலே நல்லசிவம் வாசலை அடைத்துப் படுத்துக்கொள்வான். மாற்று ஆளாக வரும் மொக்கைச்சாமி கையால் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டான். தங்கச்சியா நல்லசிவமா என்று வந்த ஒவ்வொரு தடவையும் தங்கச்சிதான் தோற்றாள்.

சங்கரபாண்டியன்தான் வழி சொன்னார். "மத்த ரெண்டு பேரும் அந்த வாரம் வீட்டுக்குப் போறாங்க. நான் ஆர்டர் விஷயமா பாட்னா போறேன். நீ சிவத்தையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரு, ஊர்க்காவலா. அவனுக்கு எங்கன இருந்தா என்ன, நீ இருந்தாச் சரி."

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஊர்க்காவலன் எழுதிக் காட்டினான்: சாத்தூர் பஸ், ஏழாயிரம்பண்ணை பஸ், கோயில், காதுகுத்து, சாப்பாடு, பஸ், வீடு. நல்லசிவம் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

சாத்தூரில் மாறிய பஸ்ஸில் கூட்டம். பக்கத்தில் நின்ற அம்மா, "எதுக்குத் தம்பி மடியில சொமக்கீக, கீழ வைங்க" என்றாள்.

"வைக்க மாட்டேன்" என்றான் நல்லசிவம்.

"சீர் அரிசியா?"

"ஊர்க்காவலன் அரிசி." அவனுக்கு அண்ணன், மாமன் என்ற முறையெல்லாம் கிடையாது. பெற்ற தகப்பனையும் சங்கரபாண்டியன் என்று முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

கோயில் ஊரைத் தாண்டி இரண்டு மைல், கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. தூரத்தில் வரும்போதே வேல்விழி பார்த்துவிட்டாள். ஓடி வருவாள் என்று ஊர்க்காவலன் நினைத்தான். அவளோ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கிட்டே போனதும், "வா" என்றாள். மூன்று வருஷத்துக் கோபத்துக்கு அந்த ஒரு எழுத்தே பெரிய விஷயம்.

நல்லசிவத்தை வேப்பமரத்தடியில் ஜமுக்காளத்தில் உட்கார வைத்துவிட்டு, ஊர்க்காவலன் தான் வாங்கி வந்த கம்மலைக் காதுகுத்த வந்திருந்த ஆசாரியிடம் கொடுக்கப் போனான். போய் வர ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா? அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பொங்கல் பானைக்கு அரிசி போதாமல் தேடிக்கொண்டிருந்த ராமுத்தாய் அத்தை கண்ணில் நல்லசிவத்தின் மடி பட்டுவிட்டது. புது மஞ்சப்பை, வாய் தைத்த அரிசி, கூட வந்தவனோ தாய்மாமன். சீர் அரிசி இல்லாமல் வேறென்ன?

"ஏய், தாய்மாமன் அரிசி வந்துருச்சுடீ!" என்று அவள் குலவை போட, ஏழெட்டுப் பொம்பளைகள் சேர்ந்து போட, பையை வாங்கித் தையலைப் பிரித்து, களைந்து, பானையில் போட்டே விட்டார்கள். ஊர்க்காவலன் திரும்பி வந்தபோது அவனுடைய இரண்டு வருஷக் கண்டுபிடிப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

நல்லசிவம் எழுந்து மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். இரண்டு கையாலும் தொடையில் அடித்துக்கொண்டு, "அரிசி எங்க? அரிசி எங்க?" என்று கேட்டான். ஒவ்வொரு சுற்றுக்கும் குரல் ஏறிக்கொண்டே போனது.

விஷயம் தெரிந்ததும் ராமுத்தாய் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, ஏங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா!" வேல்விழியின் புருஷன் பாலகுரு அரிசி வாங்கி வர வேனை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பறந்தான். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் பூசணிக்காயைத் தூக்கி வந்தார். ஒருவர் செங்கல்லைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். தேங்காய் மூட்டையே இழுபட்டு வந்து சேர்ந்தது. நல்லசிவம் ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டான். "அரிசி எங்க?"

அந்தப் பக்கம் இன்னொரு கூத்து. எழில் மாமனைப் பார்த்ததும் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "இந்த மாமா வேணாம்." ஆள் ஆளுக்கு மிட்டாயைக் காட்டிக் கூப்பிட, பிள்ளை கோயிலைச் சுற்றி ஓடியது.

ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். இன்னும் கால் மணி நேரந்தான் இருக்கு. தாய்மாமன் உக்காருறாகளா இல்லையா?"

"அண்ணே!" என்று வேல்விழி கத்தினாள்.

ஊர்க்காவலன் தங்கச்சியைப் பார்த்தான், நல்லசிவத்தைப் பார்த்தான். நல்லசிவம் இப்போது மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்திருந்தான். அதற்குமேல் யோசிக்க எதுவுமில்லை. அவனைப் பிடித்து ஜமுக்காளத்தில் உட்கார வைத்து, தான் பின்னால் உட்கார்ந்து, மார்போடு சேர்த்து இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். நல்லசிவம் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தான். உடம்பு இன்னும் உதறிக்கொண்டிருந்தது.

"தாயி, நீ சொன்ன மாதிரியே வேற ஆள் மடியில வச்சுக் குத்திரு. இவர விட்டுட்டு என்னால எந்திரிக்க முடியாது" என்றான் ஊர்க்காவலன். சொல்லி முடிக்கும் முன்பே கண்ணீர் வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அழுகிறோமே என்று அவன் வெட்கப்படவும் இல்லை. "தப்புப் பூராவும் ஏம்மேலதான்."

மிட்டாயைக் காட்டிக்கொண்டிருந்தவர்களும் பிள்ளையை மறந்து மரத்தடிக்கு வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடாததால் எழிலுக்கும் ஓட வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் கன்னத்தைக் கிள்ளாத, செல்லமே தங்கமே என்று கெஞ்சாத ஒரே ஆள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவன் எதையோ தொலைத்துவிட்டான், எல்லோரும் தேடுகிறார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளையாட்டு வேறு உண்டா?

"அரிசி எங்க?" என்றான் நல்லசிவம்.

எழில் நேரே போய் அவன் மடியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "நாந்தான் அரிசி."

நல்லசிவம் குனிந்து பார்த்தான். தொட்டுப் பார்க்கவில்லை, சிரிக்கவில்லை. பையைக் கட்டிக்கொள்வதைப் போலவே இரண்டு கையையும் பிள்ளையைச் சுற்றிப் போட்டு, அளவாக இறுக்கினான். உதறல் மெல்லமெல்ல அடங்கியது. எழில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் முனகிப் பாடத் தொடங்கினான்.

ஒரு பெரியவர்தான் முணுமுணுத்தார். "இருந்தாலும் தாய்மாமன் மடியிலல்ல குத்தணும்?"

பானையைக் கிண்டிக்கொண்டிருந்த ராமுத்தாய் கரண்டியோடு வந்துவிட்டாள். "உமக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? புள்ள அந்தத் தம்பி மடியில இருக்கு, அந்தத் தம்பி நம்ம ஊர்க்காவலன் மடியில இருக்கு. பொறகு என்ன? அம்புட்டும் தாய்மாமன் மடிதான். ஆசாரி, நீங்க குத்துங்க!"

வேல்விழி ஆசாரியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். முதல் காதில் கம்பி இறங்கியதும் எழில் அழுவதற்கு வாயைத் திறந்தாள். நல்லசிவம் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, "அரிசி அழாது" என்றான். அந்த நியாயத்தில் பிள்ளை திகைத்துப் போய் வாயை மூடிக்கொண்டது. இரண்டாவது காதுக்கு அந்த நியாயமெல்லாம் எடுபடவில்லை, சாத்தூர் வரை கேட்கும்படி கத்தினாள். நல்லசிவம் மிக்ஸிக்கு ஓடுகிறவன், இந்தச் சத்தத்துக்கு ஓடவில்லை. பிடியையும் விடவில்லை. பெண்கள் குலவை போட வாயெடுக்க, ராமுத்தாய் கரண்டியைக் காட்டி அடக்கினாள்.

வேல்விழி வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. "வேற ஆள் மடியில வப்பேன்னு சொன்னேன்ல? வச்சேனா இல்லையா?"

"வச்சுட்ட தாயி."

"இம்புட்டு நாளா எதுக்கு நீ வரலைன்னு இன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. போன்ல சொன்னா எவளுக்குப் புரியும்? இனிமே ரெண்டு பேரும் சேந்தே வாங்க. உனக்கு வர ஒழியலன்னா அவுகள மட்டுமாவது அனுப்பு."

பாலகுரு வேனில் அரிசியோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, அதைக் கேட்க ஆளில்லை. சாப்பாட்டில் பொங்கல் கொஞ்சம் குழைந்திருந்தது. நல்லசிவம் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான், தன் அரிசிதான் என்று தெரிந்தோ தெரியாமலோ. எழில் கடைசி வரை அந்த மடியை விட்டு இறங்கவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது வேல்விழி தன் வீட்டுப் பானையிலிருந்து அரிசியை அளந்து, அதே மஞ்சப்பையில் போட்டு, தன் கையாலேயே வாயைத் தைத்துக் கொடுத்தாள். பஸ் புறப்பட்டது. நல்லசிவம் பையை மடியில் வைத்தான். தூக்கிப் பார்த்தான். மறுபடி வைத்தான். முகம் சரியில்லை. ஊர்க்காவலன் அவன் பக்கம் திரும்பினான்.

"என்ன தம்பி?"

"லேசு" என்றான் நல்லசிவம். பையை எடுத்து ஊர்க்காவலன் மடியில் வைத்தான். "ஊர்க்காவலன் வச்சுக்கோ." பிறகு காலண்டர் தாளை எடுத்துப் பிரித்து, கடைசியில் இருந்த 'வீடு' என்ற வார்த்தைக்குக் கீழே விரலை வைத்தான். "எழில் எப்ப?"

"அடுத்த மாசம்."

"எழுது."

ஊர்க்காவலன் எழுதிக் கொடுத்தான். நல்லசிவம் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெறும் மடியோடு ஜன்னலில் சாய்ந்தான். ஊர்க்காவலன் தங்கச்சி தைத்துக் கொடுத்த பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். விருதுநகர் வந்து சேரும்வரை அதை இறக்கி வைக்க அவனுக்கு மனசே வரவில்லை.