மைனஸ் ஒன்பதில் கிடந்த குள்ளன்

ஆட்ட விதிகளின் புதுப் புத்தகம் மேசைக்கு வந்து அரைமணிகூட ஆகவில்லை. அதற்குள் லைல் அதை வாய் வலிக்கத் திட்டித் தீர்த்துவிட்டான்.

“இது என்னடா புத்தகம், ஆளைச் சாகவே விடமாட்டேங்குது! நம்ம காலத்துல ஒரு எலி கடிச்சாப் போதும், ஆள் காலி. இப்ப ஒரு தூக்கம் போட்டு எழுந்தா எல்லாக் காயமும் ஆறிடுமாம். இது சாகசமா, இல்ல ஏரிக்கரைக்கு லீவுல போறதா?”

“உன் முட்டிவலி இருபது வருஷமா ஆறலைன்னு உனக்கு வயித்தெரிச்சல்,” என்றான் டுவேன். ஆட்டத்தை நடத்துகிறவன் அவன். அரக்கன் வருவதும் மழை பெய்வதும் அவன் வாயில் இருக்கிறது. மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அவன் சொல்லும் உலகத்துக்குள் நடப்பார்கள். நடந்தது பலித்ததா என்று பகடை சொல்லும்.

ரெனே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், கூட்டத்தில் இளையவள். “பழைய புத்தகத்துல கதவை உடைக்க ஒரு அட்டவணை, பூட்டை உடைக்க இன்னொரு அட்டவணை. வருமான வரிப் படிவமே தேவலாம் லைல். எனக்குப் புதுசுதான் வேணும்.”

நான்காவது ஆள் மார்லிஸ். அவர்கள் ஆடும் நிலவறை அவளுடையது, மேலே இருக்கும் வீடும் அவளுடையது. பாலாடைக்கட்டித் தட்டை நகர்த்துவதும் துடைத்த மேசையையே மறுபடி துடைப்பதுமாக இருந்தாள். ஜனவரி மாத ஞாயிறு, மணி மூன்று. விஸ்கான்சின் மாநிலத்துப் பனி ஜன்னலைப் பாதிக்கு மேல் மூடியிருந்தது. அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அது ஆறு வருடமாகக் காலிதான்.

அது அவள் தம்பி வெர்லினுடைய நாற்காலி. அவன் ஆடியது ஹால்பர் என்ற குள்ளனாக. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே மேசையில், இதே மாதத்தில், ஒரு சுரங்கத்துக்குள் எல்லோரும் வகையாக மாட்டிக்கொண்டார்கள். ஹால்பர் இரும்புக் கதவைத் தோளால் தாங்கிப் பிடித்து, மற்றவர்களை ஓடச் சொன்னான். அடிமேல் அடி விழுந்தது. உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி மைனஸ் ஒன்பதில் நின்றது. பழைய விதிப்படி சுற்றுக்கு ஒரு புள்ளி குறையும், மைனஸ் பத்து வந்தால் சாவு. “நெஞ்சு அடைக்குது, தண்ணி குடிச்சிட்டு வரேன்,” என்று வெர்லின் மாடிப்படி ஏறினான். சமையலறைத் தரையில் விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

அந்தச் சுற்று அப்படியே நின்றுபோனது. அப்புறம் வேறு கதைகள், வேறு காடுகள். அந்தச் சுரங்கத்தின் பேச்சை யாரும் எடுப்பதில்லை. ஆனால் இன்றைக்கு எடுத்துத்தான் ஆகவேண்டும், மார்லிஸுக்கு அது தெரியும். புதுப் புத்தகத்துக்கு மாறும்போது சாகாத எந்தப் பாத்திரத்தையும் பழைய புத்தகத்தில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. இந்த மேசையின் வழக்கம் அது. எழுதிவைத்த புண்ணியவானும் வெர்லின்தான்.

“கை தூக்குங்க,” என்றான் டுவேன். மூன்று கைகள் எழுந்தன. அவ்வளவு திட்டிய லைலும் தூக்கினான்.

“நீ எதுக்குடா தூக்கறே?” என்றாள் மார்லிஸ்.

“டுவேன் வாங்கித் தொலைச்சிட்டானே, என்ன பண்ணச் சொல்றே?” லைல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லோரும் தங்கள் பாத்திரத்தின் விவரங்களைப் பழைய தாளிலிருந்து புதுத் தாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். மார்லிஸ் தன் வில்லாளியை எழுதி முடித்தாள். பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஹால்பரின் தாளை எடுத்தாள். ஆறு வருடம் டப்பாவில் கிடந்த பென்சில் எழுத்து வெளிறிப் போயிருந்தது. பெயர் மங்கல், கோடரி மங்கல், கவசம் படிக்கவே முடியவில்லை. மைனஸ் ஒன்பது மட்டும் கருகருவென்று இருந்தது.

“நீங்க மேல எழுதினீங்களா?” என்று கேட்டாள் ரெனே.

“இல்ல.”

ரெனே விரலால் அதைத் தடவினாள். விரல் நுனியில் கரி ஒட்டியது, இப்போதுதான் எழுதினாற்போல. அவள் அதைக் கால்சட்டையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

“எனக்குத் தெரியும்,” என்றாள் மார்லிஸ். “ஒவ்வொரு ஞாயிறும் எடுத்துப் பார்க்கறேன். அது மட்டும் மங்கவே மாட்டேங்குது. அதனாலதான் கை தூக்கலை. பழைய புத்தகத்துல இருக்கற வரைக்கும் அவன் சாகலை.”

டுவேன் புதுப் புத்தகத்தைப் புரட்டினான். “இதுல மைனஸே கிடையாது மார்லிஸ். பூஜ்யத்துல விழுந்தவங்க பகடை உருட்டணும். பத்துக்குக் கீழ மூணு தடவை விழுந்தா சாவு. பத்தும் அதுக்கு மேலயும் மூணு தடவை விழுந்தா பிழைச்சுக்கலாம். இருபது விழுந்தா உடனே எழுந்திருக்கலாம்.”

“என் கையால அவனைக் கொல்லச் சொல்றீங்களா?”

அடுத்தவர் பகடையை யாரும் தொடக்கூடாது. ரத்த உறவு மட்டும் தொடலாம். அதுவும் இந்த மேசையின் வழக்கம்தான். அவளைத் தவிர வேறு ஆளே இல்லை.

ரெனே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் தினமும் பார்க்கறேன் மார்லிஸ். போகவும் முடியாம, இருக்கவும் முடியாம இழுத்துக்கிட்டுக் கிடப்பாங்க. அவர் ஆறு வருஷமா அந்தக் கதவுகிட்டக் கிடக்கறாரே.”

மார்லிஸ் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். இத்தனை நாளும் அவனைக் காப்பாற்றி வைத்திருப்பதாகத்தான் நினைத்திருந்தாள், பாவி. வெல்வெட் பையை அவிழ்த்து வெர்லினின் இருபது முகப் பகடையை எடுத்தாள். சில்லென்று இருந்தது.

நான்கு விழுந்தது.

“பத்துக்குக் கீழ ஒண்ணு,” என்றான் டுவேன்.

ஏழு விழுந்தது.

“போதும்டா, விட்டுடலாம்,” என்றான் லைல்.

அவள் விடவில்லை. மூன்றாவது உருட்டலில் பகடை மேசை விளிம்புவரை ஓடிப் போய், காலி நாற்காலிக்கு முன்னால் நின்றது.

இருபது.

டுவேன் கத்தியே விட்டான். ரெனே மார்லிஸைக் கட்டிக்கொண்டாள். “நான்தான் சொன்னேனே, இந்தப் புத்தகத்துல ஒருத்தனும் சாகமாட்டான்!” என்று லைல் அழுதுகொண்டே சிரித்தான். அந்தச் சந்தோஷத்தில்தான் டுவேனின் வாய் தவறியது. முப்பது வருடப் பழக்கம், சும்மா இருக்குமா? எழுந்து நின்ற ஹால்பருக்குத்தான் அடுத்த முறை. டுவேன் காலி நாற்காலியின் பக்கம் திரும்பி, எப்போதும் கேட்பதுபோலக் கேட்டுவிட்டான்.

“வெர்லின், என்ன செய்றே?”

சிரிப்பு அப்படியே அடங்கியது. கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. பதில் வராமல் ஆட்டம் நகராது. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் ஒருமுறை உறுமிவிட்டு ஓய்ந்தது. டுவேன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

“நீங்க போங்க. கதவை நான் பாத்துக்கறேன்.”

சத்தமாக ஒன்றும் இல்லை; கொஞ்சம் மூச்சு வாங்கும் குரல். யார் சொன்னது? லைல் ரெனேயைப் பார்த்தான், ரெனே லைலைப் பார்த்தாள். டுவேனின் கை இன்னும் வாயிலேயே இருந்தது. தன் உதடு அசைந்ததா என்று மார்லிஸுக்கே தெரியவில்லை.

அப்போது அவர்களுக்குப் பின்னால் சாமான் அறைக் கதவு கரகரவென்று நகர்ந்தது. வெள்ளம் வந்த வருடம் மரம் உப்பிப்போன கதவு அது. நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் பாதிக்கு மேல் போகாது. கோடைக்குக் கோடை “இழைச்சு வைக்கிறேன் அக்கா” என்று சொல்லிச் சொல்லியே வெர்லின் போய்ச் சேர்ந்தான். அது இப்போது தரையை உரசிக்கொண்டு மெல்ல மெல்ல நகர்ந்தது. யாரோ தோளால் முட்டுக்கொடுப்பதுபோல நின்று நின்று நகர்ந்து, நிலையில் பொருந்தி மூடிக்கொண்டது.

யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. லைல் மூக்கை உறிஞ்சிவிட்டு, “அடுத்த முறை யாரோடது?” என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

டுவேன் தாளைப் பார்த்தான். அந்தப் பழைய சுற்றின் வரிசை ஆறு வருடமாக அதில் அப்படியே இருந்தது. “மார்லிஸோடது,” என்றான். “சுரங்கத்து வாசல்ல நிக்கறே. பின்னால கதவு மூடிடுச்சு. திரும்பிப் போய்த் தட்டலாம். இல்லேன்னா வெளியே போகலாம். என்ன செய்றே மார்லிஸ்?”

அவள் பழைய தாளைப் பார்த்தாள். மைனஸ் ஒன்பது, மற்ற எழுத்துகளைப் போலவே வெளிறிப் போயிருந்தது.

“வெளியே போறேன்,” என்றாள்.