பற்றரி தர்சிகா வீட்டில்

மெசின் குணலட்சுமி வீட்டில், பற்றரியும் சார்ஜரும் தர்சிகா வீட்டில். ஏற்பாடு அதுதான். பாதிக்குப் பாதி போட்டு வாங்கிய பொருள் முழுவதும் ஒருத்தியிடம் கிடந்தால் மற்றவளுக்கு மனக்குறை வரும் என்று அப்படிப் பிரித்தார்கள். உடுவிலில் அவர்கள் இருவருடைய வளவுக்கும் நடுவில் ஒரு பங்குக் கிணறு இருக்கிறது. இரண்டு வீட்டுக் காணி உறுதியிலும் அதன் பங்கு எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கிணற்றால் ஒருநாள்கூட இரண்டு வீட்டுக்கும் வாய்த்தர்க்கம் வந்ததில்லை. தண்ணீருக்கே வராத சண்டை, சுவரில் துளை போடும் மெசினுக்கா வரப்போகிறது என்று குணலட்சுமி நினைத்தாள். இப்போது கேட்டால் அந்த நினைப்புக்காகத் தன் தலையில் தானே குட்டிக்கொள்வாள்.

இத்தனைக்கும் அவள் லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. இருபத்தாறு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். சீனி மூட்டையை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தே எத்தனை கிலோ குறைவு என்று சொல்லி, லொறிக்காரரை அழவைத்தவள். ஆட்களை நம்புவது அவளுக்கு வராத பழக்கம். அதைத் தர்சிகாவிடம்தான் பழகினாள். மார்கழி மழையில் புருசன் நமசிவாயம் பாரிசவாதம் வந்து கிணற்றடியில் விழுந்தபோது, வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்து தூக்கியவள் தர்சிகா. ஓட்டோ பிடித்ததும் அவள். ஆஸ்பத்திரி விறாந்தையில் மூன்று நாள் சோறு கொண்டுவந்து கொடுத்ததும் அவள். கட்டாரில் வேலை செய்யும் புருசனையும் கொழும்பில் வேலை செய்யும் தம்பியையும் விட்டால் பெரிதாக ஒருவரும் இல்லாத முப்பத்துநாலு வயதுக்காரி. "அன்ரி, அன்ரி" என்று காலைச் சுற்றிய பூனைக்குட்டியாக இருந்தாள். பெறாத மகள் என்று குணலட்சுமி ஊருக்கெல்லாம் சொன்னாள்.

நமசிவாயத்துக்கு வலப்பக்கம் விழுந்துபோயிற்று. பேச்சும் சொல்சொல்லாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பிள்ளை முதல் நாளே சொல்லிவிட்டது.

"முதல் ஆறு மாசந்தான் அன்ரி முக்கியம். அதுக்குள்ளை கால் எவ்வளவு பழகுதோ அவ்வளவு லாபம். குளியலறையிலை ஒரு கைபிடி போடுங்கோ. பிறகு கட்டிலடியிலை இருந்து முன்விறாந்தை மட்டும் சுவரோடை ஒரு கம்பி போடுங்கோ. பிடிச்சுப் பிடிச்சு ஒவ்வொரு நாளும் நடக்கவேணும்."

மேசனைக் கூப்பிட்டாள். "நாளைக்கு வாறன்" என்றான். எட்டு நாளைக்கு எட்டுத்தரம் "நாளைக்கு வாறன்" என்றான். ஒன்பதாம் நாள் குணலட்சுமி, உவங்களை நம்பினால் மனுசன் கட்டிலோடு ஒட்டிவிடும், நானே துளைக்கிறேன் என்று வெளிக்கிட்டாள். தர்சிகாவும் கூட வந்தாள்.

யாழ்ப்பாணப் பட்டணத்து இரும்புக்கடையில் முதலாளி மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஈரமான குளியலறைக்குள் வயர் இழுக்கவேண்டாம், பற்றரி மெசின்தான் நல்லது என்று அவரே சொன்னார். ஒன்று சிவப்புப் பெட்டி. திறந்தால் மெசின், இரண்டு பற்றரி, நூறு சின்னச் சாமான்கள் என்று பலகாரத்தட்டுப்போல நிறைந்திருந்தது. மற்றது பச்சையும் கறுப்பும். ஒரு மெசின், ஒரு பற்றரி, ஒரு சார்ஜர், அவ்வளவுதான். விலை மட்டும் மூன்று மடங்கு.

"வீட்டுப் பாவனைக்குச் சிவப்பு காணும் அம்மா. பச்சை, நாள் முழுக்க வேலை செய்யிற ஆக்களுக்கு. சிவப்பும் கொங்கிறீற்றைத் துளைக்கும். கொஞ்சம் மெதுவா, நல்லா அமத்திப் பிடிக்கவேணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

கூடிய விலைக்கு விற்கக்கூடிய இடத்தில் குறைந்ததை எடுத்துக் காட்டிய அந்த மனிதரைக் கும்பிட்டிருக்கவேண்டும். குணலட்சுமியின் கை சிவப்புப் பெட்டிக்குத்தான் போயிற்று. தர்சிகா அதுவரை போனில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பச்சையைத் தூக்கிப் புரட்டி, அடியில் இருந்த இலக்கத்தை வாசித்தாள்.

"இதை எடுப்பம் அன்ரி."

"நாலு ஓட்டைக்கு உது என்னத்துக்குப் பிள்ளை?"

"நாலு ஓட்டையோ? அங்கிள் பிடிச்சு எழும்பப்போற கம்பி. ஆணி இளகினா விழப்போறது அவரெல்லோ? அவரின்ரை உயிரிலையே மிச்சம் பிடிக்கப்போறியள்? நான் பாதி போடுறன். எனக்கும் யன்னல் சீலைக்குக் கம்பி பூட்டவேணும்."

குணலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளி பொதி கட்டும்போது, "இந்தப் பற்றரி இந்தக் கொம்பனியின்ரை எல்லா மெசினுக்கும் பொருந்தும். வெட்டுற மெசின், அராவுற மெசின், எல்லாத்துக்கும்" என்றார்.

"அப்பிடியோ?" என்றாள் தர்சிகா, புதினம் கேட்டவள்போல.

வழியில் ஏற்பாட்டைச் சொன்னதும் அவள்தான். "உங்களுக்கு அங்கிளைப் பாக்கவே நேரமில்லை. சார்ஜ் போட்டிட்டு மறந்துபோவியள். மெசின் உங்களிட்டை இருக்கட்டும். பற்றரியை நான் சார்ஜ் போட்டு வைக்கிறன். தேவைப்பட்டா வேலியடியிலை ஒரு குரல் குடுங்கோ." பங்குக் கிணறுமாதிரி, என்று குணலட்சுமி சந்தோசமாகச் சொன்னாள். அன்று பின்னேரமே இரண்டு பேருமாகக் குளியலறையில் கைபிடியைப் பூட்டினார்கள். மெசின் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலச் சுவரில் இறங்கிற்று. நமசிவாயம் கைபிடியை இடக்கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, "தர்சி... நல்ல பிள்ளை" என்றார். குணலட்சுமிக்குச் சங்கக்கடைப் பழக்கம் விடவில்லை. தர்சிகாவின் நகப்பூச்சை வாங்கி, பற்றரியின் அடியில் நமசிவாயத்தின் பெயருக்குச் சிவப்பாக ஒரு "ந" போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு தொடங்கியது இழுவை.

நடைக்கம்பிக்குப் பதினாலு தாங்கி பூட்டவேண்டும். வேலியடியில் போய் நின்றால், "இப்பத்தான் சார்ஜிலை போட்டனான் அன்ரி" என்று பதில் வரும். அடுத்த நாள், "சூடாக் கிடக்கு, ஆறட்டும்." அடுத்த நாள் ஆளே வீட்டில் இல்லை. பின்னேரம் ஐந்தரைக்குமேல் கொண்டுவந்து கொடுத்தால், இரண்டு துளையோடு மெசின் முனகிக்கொண்டு செத்துப்போகும். சுவரில் பாதித் துளையும் முகத்தில் முழுத் தூளுமாகக் குணலட்சுமி நிற்பாள்.

"இது பெரிய ஆக்களின்ரை சாமான் எண்டாய், இரண்டு ஓட்டைக்குமேலை இழுக்குதில்லையே பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டாள்.

தர்சிகா மெசினைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "நீங்கள் அமத்திப் பிடிக்கிறியள் அன்ரி. அதுதான் பற்றரி இறங்குது. மெதுவாப் பிடிக்கவேணும். உங்கடை கையிலை பழுது, மெசினிலை இல்லை."

குணலட்சுமி நம்பினாள். லொறிக்காரரை அழவைத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு நம்பினாள். பின் வளவில் உடைந்த கொங்கிறீற் கட்டி ஒன்றை வைத்து, எப்படி மெதுவாகப் பிடிப்பது என்று வெறும் மெசினோடு பழகினாள். பற்றரி கிடைத்த நாளில் அப்படி மெதுவாகப் பிடித்தால் துளை விழவே இல்லை. அதுவும் தன் பிழைதான் என்று எண்ணினாள். சிவப்புப் பெட்டியை வாங்கலாமா என்று இரண்டொரு தரம் யோசனை வந்தது. இவ்வளவு நல்ல மெசினே என் கையில் நிற்கவில்லை, மலிவானது எப்படி நிற்கும் என்று அதையும் விட்டுவிட்டாள்.

தை போய், மாசி போய், பங்குனி போய், சித்திரையும் போயிற்று. கம்பி குளியலறை வாசலோடு நின்றது. நமசிவாயம் அதுவரைக்கும் நடந்து, கடைசித் தாங்கியைப் பிடித்துக்கொண்டு, எட்டத் தெரிந்த விறாந்தை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஆனி மாதக் கடைசியில் பிசியோதெரபிப் பிள்ளை அவருடைய காலை மடக்கி நீட்டிப் பார்த்து, குணலட்சுமியைக் குசினிப்பக்கம் கூப்பிட்டது.

"முந்தியே ஒழுங்கா நடந்திருந்தா ஊண்டுகோலோடை றோட்டு மட்டும் போயிருப்பார் அன்ரி. இனி முன்னேற்றம் மெதுவாத்தான் வரும். கம்பியோடைதான் நடப்பார் போலை கிடக்கு."

என் கைதான் அவர் காலைக் கெடுத்தது என்று அன்று முழுவதும் குணலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கிழமை, புத்தூரில் தன் தம்பி குகதாசன் கட்டிய புதுவீட்டைப் பார்க்கப் போனாள். முன்அறையில் ஒரு பெடியன் அலுமினியம் யன்னல் பூட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பச்சையும் கறுப்புமாக மூன்று மெசின்கள் கிடந்தன. அவன் ஒரு மெசினிலிருந்து பற்றரியைக் கழற்றி மற்றதில் போடுவதற்காகக் கவிழ்த்துப் பிடித்தான். அடியில் சிவப்பாக "ந".

குணலட்சுமி கிட்டப் போய் அந்த எழுத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு சங்கக்கடைக் குரலை எடுத்தாள், ஆனால் தேன் தடவி.

"தம்பி, உந்தப் பற்றரி நல்லா உழைக்குமோ?"

"சொல்லி வேலையில்லை அம்மா. விடிய எட்டுக்குத் தொடங்கினா ஐஞ்சு மட்டும் இழுக்கும்."

"எங்கை வாங்கினது?"

"உடுவிலிலை எங்கடை அக்கா எடுத்துத் தந்தவ. கொழும்பிலை வேலை செய்த இடத்திலை இந்த மெசினுகள் மலிவா வந்தது, பற்றரிதான் செத்துப்போச்சு. புதுசு யானை விலை. அக்கா, பக்கத்து வீட்டு மனுசியோடை பாதிக்குப் பாதி போட்டு எடுத்தவ. இலக்கத்தை நான்தான் போனிலை அனுப்பினனான், மாறி வாங்கிப்போடுவினம் எண்டு." அவன் சிரித்தான். வஞ்சகம் இல்லாத சிரிப்பு. "அந்த மனுசிக்கு எப்பவாவது இரண்டு ஓட்டைதானாம். பின்னேரம் கொண்டுபோய்க் குடுத்தாச் சரி."

"உன்ரை பேர் என்ன தம்பி?"

"பார்த்தீபன்."

கொழும்பில் வேலை செய்கிற, தர்சிகாவின் தம்பி பார்த்தீபன். தர்சிகா பெயர் சொல்லியிருக்கிறாள். ஊருக்கு வந்துவிட்டான் என்பதைத்தான் சொல்லவில்லை. குணலட்சுமி குகதாசன் வீட்டில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள். போனைப் பார்த்தது, இலக்கத்தை வாசித்தது, "அப்பிடியோ" என்றது, எல்லாம் ஒவ்வொரு பஸ் தரிப்பிலும் ஏறிவந்து பக்கத்தில் உட்கார்ந்தன.

வீட்டுக்குப் போகாமல் நேரே தர்சிகாவின் வாசலுக்குப் போனாள்.

"புத்தூரிலை உன்ரை தம்பியைக் கண்டனான். எங்கடை பற்றரியையும் கண்டனான்."

தர்சிகா சேலைத் தலைப்பை முறுக்கினாள். பிறகு சொன்னாள். "அவன் தொழில் தொடங்கவேணும் அன்ரி. கையிலை ஒண்டுமில்லாமல் வந்தவன். உங்கடை வீட்டிலை மெசின் சும்மா கிடக்கிற நேரந்தானே எடுத்தது? நானும் பாதி போட்டனான்தானே?"

"கேட்டிருந்தா முழுசாவே தந்திருப்பன்" என்றாள் குணலட்சுமி. "பற்றரியை விடு. பங்கையும் விடு. நான் அமத்திப் பிடிக்கிறன் எண்டு சொன்னியே, என்ரை கையிலைதான் பழுது எண்டு. அதை ஏன் சொன்னனி?"

தர்சிகா குனிந்து, வாசலில் கிடந்த செருப்பை ஒழுங்காக வைத்தாள்.

"இத்தனை மாசமா என்ரை கையை நானே திட்டினனான். அந்த மனுசன் அந்தக் கடைசித் தாங்கியிலை நிண்டு பாக்கிறதை நீயும் வந்து வந்து பாத்தனி. பாத்துக்கொண்டுதானே என்னைப் பேய்க்காட்டி ஏமாத்தினனி?"

"பற்றரியை வாங்கித் தந்திடுறன் அன்ரி. நீங்களே வைச்சிருங்கோ."

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் குணலட்சுமி வீட்டுக்குப் போனாள். மெசினை எடுத்துவந்து, துடைத்து, தர்சிகாவின் படிக்கட்டில் வைத்தாள். அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் தனியே பட்டணம் போய்ச் சிவப்புப் பெட்டியை வாங்கினாள். கடைக்காரர் சொன்னது அச்சொட்டாகச் சரி. அது மெதுவாகத்தான் துளைத்தது, கீச்சிட்டது, முழு உடம்பையும் கொடுத்து அமத்திப் பிடிக்கவேண்டியிருந்தது. குணலட்சுமி அமத்திப் பிடித்தாள். இத்தனை மாதத்து ஆத்திரம் முழுவதையும் வைத்து அமத்தினாள். ஒரு பற்றரி இறங்கினால் மற்றதைப் போட்டாள். நாலே நாளில் கம்பி விறாந்தைக்கு வந்து சேர்ந்தது. நாலே நாள்! அதை நினைத்தபோதுதான் அவள் நிலத்தில் குந்தியிருந்து, தூள் அப்பிய கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நமசிவாயத்துக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனுசனுக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த நல்லவற்றில் ஒன்றைப் பிடுங்க மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை அவர் கட்டிலடியில் இருந்து வெளிக்கிட்டார். இடக்கை கம்பியில், வலக்கால் இழுபட, குளியலறை வாசலைத் தாண்டினார். கால் மணித்தியாலம் எடுத்தது. விறாந்தைக்கு வந்து, கடைசித் தாங்கியைப் பிடித்து நிமிர்ந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார்.

"தர்சியை... கூப்பிடு. பாக்கட்டும்."

"அவள் வீட்டிலை இல்லை."

கிணற்றடியில் வாளி மோதும் சத்தம் கேட்டது. அவருக்கு விழுந்தது வலப்பக்கம் மட்டுந்தான், காது இல்லை. "உங்கை... நிக்கிறாள்" என்றார்.

"நிண்டா நிக்கட்டும். நீங்கள் கம்பியை விடாதையுங்கோ."

அவர் விளங்காமல் அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் கிணற்றுப்பக்கம் திருப்பி, இருந்த பலம் எல்லாவற்றையும் கூட்டிக் கூப்பிட்டார்.

"தர்சீ!"

வாளிச் சத்தம் நின்றது. குணலட்சுமி வேலியைப் பார்க்கவில்லை, அவருடைய கையைத்தான் பார்த்தாள்.

"கேக்கேல்லை... போலை" என்று சொல்லி, இன்னொரு தரம் கூப்பிடுவதற்காக நமசிவாயம் மூச்சை இழுத்தார்.