சம்பந்தமில்லை

தேரடித் தெருவில் இருந்த அந்தக் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் பேய்க்கென்று தனி அறை ஒதுக்கியிருந்தார்கள். பெண்களுக்கு இல்லை. ஆண்கள் பின்சுவர் ஓரமாகப் போய்விட்டு வேட்டியை உதறிக்கொண்டு வருவார்கள். பெண்கள் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்துகொள்ள வேண்டியது, அவ்வளவுதான் ஏற்பாடு.

எழுபத்தொன்பதில் ஜெயந்திமாலா பிரசவ விடுப்பு முடிந்து தட்டச்சர் நாற்காலிக்குத் திரும்பியபோது குழந்தைக்கு மூன்று மாதம். அதைக் கீழ்பென்னாத்தூரில் அம்மாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வருவாள். பத்தரை, பதினொன்றுக்கெல்லாம் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். ரவிக்கை நனையும். முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்வாள். எதிர் மேஜைக்காரர்கள் சிரிப்பை அடக்குவது நிமிராமலே தெரியும். முதல் வாரத்திலேயே பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. வேலையை விட்டுவிடச் சொன்னார் கணவர். அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவள்தான். விட மனமில்லை. உடம்போ கேட்பதாக இல்லை.

அலுவலகத்தைப் பெருக்கித் தண்ணீர் எடுத்து வைக்கும் பச்சையம்மாள்தான் ஒரு நாள் அவள் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பூட்டிய அறையைத் திறந்தாள்.

"உள்ள போங்க ஜெயந்திம்மா. மூலையில தண்ணி போற ஜலதாரை இருக்குது. பாலை பீச்சி உட்டுட்டு வாங்க. சந்திரம்மா ஒண்ணும் பண்ணாது."

சந்திரம்மாள் கதை ஜெயந்திமாலாவுக்கு அரைகுறையாகத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன் இதே தட்டச்சர் நாற்காலியில் இருந்தவள். இங்கே ஒருவர் தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்று மேலிடத்தில் புகார் சொன்னாள். விசாரணை வந்தது. ஒவ்வொருவராக எழுந்து, "எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். பொய் சொன்னவள் என்ற பேர் அவளுக்கு வந்தது. இந்த அறையில்தான் உயிரை விட்டாள்.

"அந்த ஒருத்தர் யாருக்கா?"

"கேக்காதீங்க," என்றாள் பச்சையம்மாள். சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னை அப்ப யாரும் கேக்கல. பெருக்கறவளை யாரு கேப்பா? நானும் கேக்காம சொல்லல."

உள்ளே புழுக்க வாடை. சுவரில் ஓர் ஆணி, அதன் கீழே குடை தொங்கின கறை. ஜெயந்திமாலாவின் வீட்டில் பேய் பிசாசுப் பேச்சே கிடையாது. ஆனால் வீட்டு நியாயம் அந்த அறைக்குள் அவளோடு வரவில்லை. "அக்கா, கொஞ்ச நேரம் இருந்துட்டு போயிடறேன்," என்று அவளையறியாமல் வாய் சொல்லிற்று.

டிங்.

கோவில் மணி இல்லை. அவளுக்கு அது நன்றாகப் பழகின சத்தம். தட்டச்சு இயந்திரத்தில் ஒரு வரி முடியப்போகும்போது அடிக்கிற மணி. இயந்திரமோ முன்கூடத்தில், உறை போட்டு இருக்கிறது. இவள் காதுக்குப் பக்கத்தில் அடித்தது. ஓடிவிடத்தான் நினைத்தாள். ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலேயே பால் இறங்கத் தொடங்கிவிட்டது. அழுதுகொண்டே குனிந்து நின்றாள்.

அதன் பிறகு தினமும் போனாள். தினமும் மணி அடித்தது. பயம் தெளியவில்லை, பழகிவிட்டது. பிறகு கணக்குப் பிரிவு மருதேவி வந்தாள். மல்லாட்டை விதைக்கக் கடன் கேட்டு அடி அண்ணாமலையிலிருந்து வருகிற பெண்களுக்கும் பச்சையம்மாள் கதவைத் திறந்துவிட்டாள். யாரானாலும் வாசலில் நின்று, "அக்கா, வர்றேன்," என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். மணிச் சத்தம் மட்டும் ஜெயந்திமாலாவைத் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை.

இதையெல்லாம் ஒருவரால் தாங்க முடியவில்லை. ஹெட்கிளார்க் கண்ணாயிரம். அந்த அறைப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர், இப்போது அடிக்கடி பெண்களை நிறுத்திக் கேட்டார்.

"உள்ள இன்னா பேசிக்கறீங்க? அவ எதுனா சொல்றாளா?"

கடைசியில் செயலாளரிடம் பேசி ஏற்பாடு செய்துவிட்டார். பூசாரி வேடியப்பனை வைத்துக் கழிப்புக் கழிப்பது, அன்றைக்கே பழைய காகிதக் கட்டுகளை எல்லாம் அந்த அறையில் அடுக்குவது. பேய் போனால் அறையும் போகும். ஜெயந்திமாலாவுக்கு அன்று முழுக்க விரல் ஓடவில்லை. அடுத்த காய்ச்சலோடு வேலையும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் பின்கட்டில் கூடினார்கள். பூசாரி பூசணிக்காயில் குங்குமம் தடவி வாசலில் வைத்தார்.

"இந்த ரூமுல பொழங்கின பொம்பளைங்க முன்ன வாங்க. 'உனக்கும் எனக்கும் சம்பந்தமில்ல, போயிடு'னு மூணு வாட்டி சொல்லணும். சொந்தம் அறுத்தாதான் அது போவும்."

எல்லோரும் ஜெயந்திமாலாவைப் பார்த்தார்கள். ஏழு வருஷத்துக்கு முன் ஒருத்தியைக் கொன்ற அதே வார்த்தையை இப்போது தன் வாயில் வைக்கிறார்கள் என்று கோபம் கோபமாக வந்தது.

"சம்பந்தம் இருக்குது சாமி. என்னால சொல்ல முடியாது."

மருதேவியும் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். கண்ணாயிரம் முகம் கறுத்தது. "ஏய் பச்சையம்மா, நீயாவது சொல்லித் தொலை."

பச்சையம்மாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள்.

"அன்னைக்கு யாரும் என்னைக் கேக்கல. இன்னைக்கு நீங்களே கேட்டுட்டீங்க, சொல்றேன். சந்திரம்மா இந்த ரூமுக்குள்ள கத்தினப்ப நான் வெளிய நின்னு கதவைத் தட்டினேன். உள்ள தாழ் போட்டுனு இருந்தவரு நீங்கதான் சார்."

செயலாளர் தரையைப் பார்த்தார். வேடியப்பன் பல பேரைப் பார்த்த மனுஷர். கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீங்களே சொல்லிடுங்க சார். மூணு வாட்டிதான்."

"சொல்றதுக்கு இன்னா," என்று கண்ணாயிரம் முன்னால் வந்தார். "உனக்கும் எனக்கும்…" அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. சட்டென்று முன்கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்க யாரு டைப் அடிக்கறது?"

கூடத்தில் ஆளே இல்லை. இயந்திரத்தின் மேல் உறை போட்டபடி இருந்தது.

"பெல் அடிக்குதே. உங்க யாருக்கும் கேக்கலயா?" வியர்வை காதோரம் வழிய ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஜெயந்திமாலா காதைக் கூர்மையாக்கினாள். தினமும் கேட்ட அவளுக்கு இன்று ஒன்றுமே கேட்கவில்லை. கண்ணாயிரம் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போனார். செயலாளர் காலையில் வாங்கி வைத்திருந்த அறைச் சாவியைப் பச்சையம்மாளிடம் திருப்பிக் கொடுத்தார்.

பதினோரு மணிக்கு மார்பு கட்டியது. ஜெயந்திமாலா வாசலில் நின்று, "அக்கா, வர்றேன்," என்றாள். உள்ளே போய்க் காத்திருந்தாள். பால் இறங்கி முடிந்தது. மணி அடிக்கவில்லை. இத்தனை நாள் பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல ஒரு பயம் வந்தது. கதவைத் திறந்து பச்சையம்மாளைக் கூப்பிட்டாள்.

"அக்காவை நாமளே விரட்டிட்டமா? சத்தத்தையே காணோம்."

பச்சையம்மாள் தெரு இருந்த திசையைப் பார்த்தாள்.

"எங்க போவப் போவுது? அவரு கூட போயிருக்குது. வந்துடும்."