நில்லெண்டால் நிற்கிற பிள்ளை

ஆறு வருடமாக விமான நிலையத்தை ஒட்டிய மங்கரேயில் சரக்குக் கம்பனியில் வேலை செய்கிற மனிதர், மங்கரேயில் இருக்கிற ஒரு மைதானத்துக்கு வழி தெரியாமல் ஒரே ரவுண்டபவுட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றினார். நான் மடியில் மேப் புத்தகத்தை விரித்து வைத்து, இடதுபக்கம் என்றேன். வலதுபக்கம் திரும்பினார். பிறகு மேப்பில் பிழை என்றார். இதைச் சொல்ல ஒரு முகம் வேண்டும், அது அவருக்கு இருக்கிறது.

இவர் என் கணவர் ஜெயரட்ணம். எங்கள் வான் வண்டியின் பின் சீட்டில் எங்கள் மகள் பிரணவியும், அவளுடைய பள்ளிக்கூட சொஃப்ட்போல் அணியில் விளையாடும் ரொஷினியும் மெரேயும் இருந்தார்கள். ரொஷினியின் குடும்பம் பிஜியிலிருந்து வந்தது. மெரே இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரிப் பிள்ளை, அந்த அணியிலேயே வேகமாக ஓடுபவள். சொஃப்ட்போல் என்பது பேஸ்போலுக்குத் தங்கை முறையான ஆட்டம். அன்று, தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்ச் மாதத்துச் சனிக்கிழமை, அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டி. நான் விடியவே எழும்பிப் பொரித்த ரோல்ஸ் எல்லாவற்றையும் மூன்று பேரும் எங்கள் பகுதியான சான்ட்ரிங்ஹாமைத் தாண்டுவதற்குள் முடித்துவிட்டார்கள். அது எனக்குச் சந்தோஷம்தான்.

வழி தவறிய நேரத்திலும் அவருடைய பிரசங்கம் நிற்கவில்லை. வெற்றியையும் தோல்வியையும் ஒன்றாகப் பார்க்கப் பழகவேண்டுமாம். தோற்றால் எதிரணிக்குக் கை கொடுத்துச் சிரிக்கவேண்டுமாம். தான் பள்ளிக்கூட கிரிக்கெட் கப்டனாக இருந்தபோது தோல்வியில்தான் மனிதர்களைப் படித்தாராம். பிள்ளைகள் மூவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பக்கூட வழியில்லை, மடியில் மேப்.

இவ்வளவு சமநிலை பேசுகிறவர் மகளோடு கட்டிய பந்தயத்தைக் கேளுங்கள். பிரணவிக்கு இது ஐந்தாம் ஃபோர்ம், நவம்பரில் ஸ்கூல் சேர்ட்டிஃபிகேட் பரீட்சை. அடுத்த பருவம் ஒக்டோபரில் தொடங்கும். இன்று வென்றால் ஒக்டோபரில் விளையாடலாம். தோற்றால் கையுறை அலுமாரிக்குள் போகும், சனிக்கிழமைகள் செல்வரத்தினம் மாஸ்டரின் கணித டியூஷனுக்குப் போகும். அவள் சரி என்று கை கொடுத்தாள். இருவரும் பந்தயம் கட்டியது என் குசினி மேசையில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். அந்தப் பிள்ளைக்கு அந்த அணியைவிட்டால் வேறு உலகமே இல்லை. பள்ளிக்கூடத்தில் தனியே இருந்து சாப்பிட்டவளுக்கு, அணியில் சேர்ந்த பிறகுதான் வீட்டுக்குச் சிநேகிதிகளின் தொலைபேசி அழைப்பு வரத் தொடங்கியது.

இனி அந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கிரிக்கெட்டில் பந்தை அடித்தபின் ஓடுவதா நிற்பதா என்று யோசிக்கலாம். பந்து நேரே ஆளிடம் போனால் நின்றுவிடலாம். சொஃப்ட்போலில் அந்தச் சலுகை கிடையாது. பந்து மைதானத்துக்குள் விழுந்தால், நான்கு மூலையில் இருக்கிற பேஸ்களில் முதல் பேஸுக்கு ஓடியே ஆகவேண்டும்; பந்து அங்கே முந்திப் போனால் அவுட், நான்கையும் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். இதைப் பிரணவி அவருக்குப் பருவம் முழுக்க விளக்கினாள். அவருக்கு விளங்கியது. ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும், "உதென்ன விசர் ஓட்டம்" என்பார், பைத்தியக்காரத்தனமாம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. பிரணவிக்கு ஏழு வயதிலிருந்து வீட்டுப் பின்வளவில் கிரிக்கெட் பழக்கியவர் அவர். பந்தைப் பார்க்காதே, என் குரலைக் கேள் என்பார். நில்லெண்டால் நிற்கவேண்டும், ஓடெண்டால் ஓடவேண்டும், நடுவில் யோசனை கூடாது. சாப்பிட வா என்று நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அசையாதவள், அவர் நில்லெண்டால் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்பாள்.

மைதானத்துக்கு ஒரு வழியாக வந்து சேர்ந்தோம். மற்றப் பெற்றோர் மடக்குக் கதிரைகளில் கோப்பிப் பிளாஸ்க்குகளோடு சாய்ந்திருந்தார்கள். இவர் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றே பார்த்தார். இருக்கச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதிரணி அடித்தபோதெல்லாம் நடுவருக்குக் கண்ணாடி வேண்டும் என்று தமிழில் சொன்னார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் என்னைப் பார்த்து, உங்கள் கணவர் எவ்வளவு உற்சாகமாக இருக்கிறார் என்றாள். ஓம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது.

கடைசி இன்னிங்ஸ் வந்தது. எங்கள் பிள்ளைகள் ஒரு ஓட்டம் பின்னால். ஏற்கெனவே இரண்டு பேர் அவுட், இன்னொருவர் போனால் கதை முடிந்தது. மெரே மூன்றாவது பேஸில் நின்றாள், ரொஷினி இரண்டாவதில்; மெரே வந்தால் சமம், ரொஷினியும் வந்தால் வெற்றி. மட்டையோடு வந்தது பிரணவி. கப்பை யார் கொண்டுபோனால் எனக்கென்ன, ஒக்டோபர்தான் என் கண்ணில் நின்றது.

அவள் அடித்தாள். பந்து நிலத்தில் உருண்டு நேரே ஒரு பிள்ளையிடம் போனது. மெரே பாய்ந்து ஓடினாள், ரொஷினி ஓடினாள், பிரணவியும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினாள். அப்போதுதான் என் பக்கத்திலிருந்து, மைதானம் அதிர, அந்தக் குரல் வந்தது.

"நில்லு! நில்லு பிள்ளை, ஓடாதை!"

அவள் நின்றாள். பாதி வழியில், ஒரு கால் முன்னே வைத்தபடி, சாவி முடிந்த பொம்மைபோல் நின்றாள். அந்த நேரம் பார்த்து எதிரணிப் பிள்ளையின் கையிலிருந்து பந்து நழுவி விழுந்தது. அந்தப் பிள்ளை குனிந்து தேடினாள், எடுத்தாள், மறுபடி நழுவவிட்டாள். ஓடியிருந்தால் பிரணவி முதல் பேஸில் நின்று தலைமயிரைச் சரிசெய்திருக்கலாம். அவள் சுதாரித்து ஓடியபோது பந்து அவளுக்கு முன்னால் போய்விட்டது. அவுட். அவள் முதல் பேஸைத் தொடாததால் மெரே ஓடி எடுத்த ஓட்டமும் கணக்கில் இல்லை. ஆட்டம் முடிந்தது.

தோல்வியில் மனிதர்களைப் படித்தவர் வேலியைச் சுற்றிக்கொண்டு நேரே நடுவரிடம் போனார். மெரே முதலிலேயே வந்துவிட்டாள், அந்த ஓட்டத்தைச் சேர்க்கவேண்டும் என்று கையை ஆட்டிக் கதைத்தார். நடுவர் பொறுமையான மனிதர், விதியை விளக்கினார். இவர் விதியே பிழை என்றார். நான் போய் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். கலியாணமாகி இவ்வளவு காலத்தில் பொது இடத்தில் அவருடைய சட்டையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. அதற்கு நான் வெட்கப்படவில்லை.

பிரணவி எதிரணிப் பிள்ளைகளுக்கு வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்து முடித்ததும் கோச் அவளை ஒரு பக்கம் கூப்பிட்டு, ஏன் நின்றாய் என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது. அந்தக் குரல் தமிழில் வந்தது. அந்த மைதானத்தில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். மற்ற எல்லாருக்கும் அது ஒரு அப்பா மகளை உற்சாகப்படுத்திய சத்தம்.

பிரணவி எங்களைப் பார்க்கவில்லை. வெளியே போன பந்து என்று நினைத்துவிட்டேன், என் பிழை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கோச் அவள் தோளைத் தட்டிவிட்டு எங்களிடம் வந்து, இப்படிக் குரல் கொடுக்கிற அப்பாமார் அணிக்குத் தேவை என்று இவருக்கு நன்றி சொன்னாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு அவரை அந்த வேலியிலேயே கட்டிவைத்துவிட்டு வரலாம்போல் இருந்தது.

வானில் ஏறித் திரும்பப் புறப்பட்டோம். ரொஷினி பிரணவியிலிருந்து தள்ளி, பையை நடுவில் வைத்து இருந்தாள். அவள் அழுதிருந்தாள். மெரே மட்டும் ஒரு தரம், நீ நின்றிருக்காவிட்டால் நாங்கள் வென்றிருப்போம் என்று மெதுவாகச் சொன்னாள். கோபமில்லை, நடந்ததைத்தான் சொன்னாள். பிரணவி தெரியும் என்றாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். பழையபடி தனியே இருந்து சாப்பிடுகிற பிள்ளையின் முகம் அது. என் நெஞ்சு எரிந்தது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். இந்த மனிதர் வாயைத் திறக்கப்போவதில்லை என்றே நினைத்தேன். கூடாத நேரத்தில் திறக்கத்தான் அவருக்கு வாய்.

அவரோ, கொஞ்சத்தூரம் போனதும், பந்தயத்தை விட்டுவிடலாம், ஒக்டோபரில் விளையாடு என்று தமிழில் சொன்னார். ஏதோ பெரிய மனது பண்ணுவதுபோல.

"தேவையில்லை அப்பா," என்றாள் பிரணவி. வழக்கமாக எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், இதைத் தமிழில் சொன்னாள். "தோத்தா தோத்ததுதான். நான் மாஸ்டரிட்டப் போறன்."

என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னப்பா, உங்கட குரலுக்கு நிண்ட பிள்ளை. உங்களுக்காகப் பொய்யும் சொல்லிப்போட்டாள். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

வழியில் த்ரீ கிங்ஸ் என்ற இடம் வந்ததும் அவர் கடைகளுக்கு முன்னால் வானை நிறுத்தி இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். பெரிய பொதியாக சிப்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். பின் கதவைத் திறந்து பொதியை நீட்டியவர், நீட்டிய கையை இழுக்காமல் அப்படியே நின்றார். பிறகு அந்த மூன்று பிள்ளைகளிடமும் ஆங்கிலத்தில் சொன்னார்.

"பிரணவி தானாக நிற்கவில்லை. நில்லு என்று எங்கள் பாஷையில் கத்தியது நான். இன்றைக்கு உங்களைத் தோற்கடித்தது நான். பிழை என்னுடையது."

ரொஷினி அவரைப் பார்த்தாள், பிறகு பிரணவியைப் பார்த்தாள். நடுவில் இருந்த பையைத் தூக்கிக் காலடியில் போட்டுவிட்டு நகர்ந்து இருந்தாள். பிரணவியின் கண் நிறைந்துவிட்டது. மெரே சிப்ஸ் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அப்படியென்றால் தோற்றது நீங்கள்தானே, டியூஷனுக்கு யார் போகவேண்டும் என்று கேட்டாள். பந்தயம் அணி முழுக்கத் தெரிந்திருக்கிறது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் வான் ஆடியது.

"ஒக்டோபரிலை நீ விளையாடு," என்றார் மகளிடம். "தோத்தது நான்."

"நீங்கள் வந்தால் கதிரையிலை இருக்கவேணும். வாய் திறக்கக்கூடாது," என்றாள் அவள்.

அவர் ஓம் என்றார். பதினெட்டு வருடமாக நான் இந்த மனிதரோடு குடித்தனம் செய்கிறேன். பிழை என்னுடையது என்று அவர் வாயால் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எனக்குச் சொல்லாததை ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்கிறாரே என்று ஆத்திரம் வந்தது. சொன்னாரே என்று சந்தோஷமும் வந்தது.

இரும்பு சூடாக இருக்கும்போதே அடித்துவிடலாம் என்று, அவர் வானுக்குள் ஏறி இருந்ததும் கேட்டேன்.

"அப்ப காலமை வழி தவறினது?"

அவர் திறப்பைத் திருப்பி வானை எடுத்தார்.

"அது மேப்பிலை பிழை," என்றார்.