அம்மா ஜாடைக்காரி

லிஃப்ட் கூண்டின் மேல் மண்டியிட்டு, இரும்புக் கயிற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தாள் மெக்கானிக். திறந்திருந்த மூன்றாவது மாடிக் கதவில் ஒரு நிழல் விழுந்தது.

அக்கா. தலையில் ஸ்கார்ஃப்.

"ஆறு தடவை அடிச்சேன். போனை எடுத்தா குறைஞ்சு போயிடுவியா?"

"வேலைல இருக்கேன்க்கா."

மார்பகப் புற்றுநோயிலிருந்து அக்கா தேறிக்கொண்டிருந்தாள். ரத்தத்தைச் சோதித்ததில் மரபணுக் கோளாறு என்று தெரிந்தது. அப்பாவுக்கும் அதே கோளாறு. தங்கையும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். எட்டு மாதமாக இவள் நழுவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கெதுக்கு? நீ அப்பா ஜாடை. அத்தைங்க ரெண்டு பேருக்கும் வந்தது உனக்கு வந்துச்சு. நான்தான் அப்படியே அம்மாவாச்சே."

"மூக்கு அம்மா மூக்குதான். ரத்தத்துக்கு மூக்கு தெரியுமாடி?"

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தாள்.

"நல்லாத்தானே இருக்கு அந்தக் கயிறு? ஏன் கழட்டுறே?"

"உள்ளே இழை பிஞ்சிருக்கு. வெளியே தெரியாது. அறுந்தப்புறமா மாத்த..."

பாதியில் நிறுத்தினாள். அக்கா சிரிக்கவில்லை.

"நாளைக்குப் பத்து மணி. டோக்கன் போட்டாச்சு."

மூன்றே வாரத்தில் முடிவு வந்தது. அம்மா ஜாடைக்காரிக்கும் அதே கோளாறு.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "என்கிட்டேருந்துதானேம்மா..."

"ஸ்பேனர் பிடிக்கிற கையும் உங்க கைதான்ப்பா. அதைத் திருப்பிக் கேட்டீங்களா?"

மெக்கானிக்குக்கு வயது முப்பத்தொன்பது, இரண்டு பிள்ளைகள். இந்தக் கோளாறு சூலகத்திலும் புற்று வைக்கும் என்பதால், சூலகங்களையும் கருக்குழாய்களையும் முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஸ்கேனில் ஒன்றுமில்லை. இருந்தும் கையெழுத்துப் போட்டாள்.

அறுவை முடிந்து பத்தாம் நாள், எடுத்த உறுப்புகளின் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். தங்கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள் அக்கா.

"ஒரு குழாய்ல புற்று ஆரம்பிச்சிருந்திருக்கு. கடுகைவிடச் சின்னது, எந்த ஸ்கேன்லயும் சிக்காது. அதோட சேர்த்தே எடுத்துட்டோம். வேற எங்கேயும் பரவல. விட்டிருந்தா..."

"அறுந்திருக்கும்," என்றாள் மெக்கானிக்.

அக்கா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, தங்கையின் மார்பகத்துக்கான அடுத்த ஸ்கேனுக்கும் டோக்கன் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அதே கட்டடம், அதே லிஃப்ட். அக்காவின் தலையில் அரை அங்குல முடி; ஸ்கார்ஃப் இல்லை. உள்ளே வந்தவள் கூண்டின் கூரையைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"தாங்குமாடி?"

"புதுக் கயிறு. பத்து வருஷம் தாங்கும்."

"அப்புறம்?"

"அதுக்கு முன்னாடியே மாத்திடுவேன்."

உச்சி மாடிக்கான பட்டனை அழுத்தினாள் மெக்கானிக்.