நான்காம் எண் சாக்ஸ்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு துண்டுக் கடல் இருக்கிறது. நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், பாறை, உயிரோடு விரிந்து சுருங்கும் பவளங்கள், ஏழெட்டு மீன்கள். எல்லாம் என் மனைவி வைத்தது. நான் லிப்ட் மெக்கானிக். முப்பத்திரண்டு வருஷம் ஊரார் கட்டடங்களின் குழிக்குள் இறங்கி, எண்ணெயும் பிசுக்குமாக வீடு திரும்பியவன். மீனைப் பார்த்து உருகுகிற ஆள் நான் இல்லை. ஆனால் எந்த இடத்தில் மனுஷன் வேலை செய்யலாம், எந்த இடத்தில் மெஷினை விட்டுவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. எதைப் பற்றி என்றால் சிரிப்பீர்கள். ஒரு துணிப் பையைப் பற்றி.

தொட்டியின் மூலையில் சீப்பு மாதிரிப் பல் வைத்த தடுப்பு ஒன்று உண்டு. மேல் தண்ணீர் அந்தப் பல் இடுக்குகளில் வழிந்து, குழாயில் இறங்கி, கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் விழும். விழுகிற இடத்தில் முழங்கை நீளத்துக்குக் கெட்டியான வெள்ளைப் பை தொங்கும். அதற்கு சாக்ஸ் என்று பெயர். மீன் கழிவு, தின்னாத தீனி, பாசித் துணுக்கு எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். வடிந்த தண்ணீரை மோட்டார் மேலே அனுப்பும். மூன்று நாளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். விட்டால் துணி அடைத்துக்கொண்டு, பிடித்து வைத்த அழுக்கெல்லாம் அங்கேயே ஊறித் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

அவளிடம் ஆறு சாக்ஸ் இருந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் சிவப்பு நூலில் ஒன்று, இரண்டு என்று எண் தைத்து வைத்திருந்தாள். கழற்றியதை உள்புறம் வெளியே திருப்பி, சோப்பு படாமல் குழாயடியில் பீய்ச்சிக் கழுவி, என் சட்டைகளுக்குப் பக்கத்தில் கொடியில் போடுவாள்.

"என் சாக்ஸை ஒருநாளாவது இப்படித் துவைச்சிருக்கியா?" என்பேன்.

"உங்க கால் பவளமா இருந்தா துவைச்சிருப்பேன்" என்பாள்.

வாய் பேச அவளிடம் முடியாது. அதனால் நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். பஞ்சு விரிப்பு இருக்கிறது, அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வைக்கலாம். ஸ்பாஞ்சு இருக்கிறது, பிழிந்து பிழிந்து வைக்கலாம். இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் உருளை மெஷின் ஒன்று இருக்கிறது. துணிச் சுருள் ஒன்று அதில் மாட்டியிருக்கும். அழுக்கு ஏற ஏற, தானே சுற்றி, புதுத் துணியை நீட்டிக்கொள்ளும். எனக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

"மெஷின் மாத்தும். பார்க்குமா?" என்று கேட்டாள்.

"எதைப் பார்க்கணும்?"

"உள்ள என்ன விழுந்திருக்குன்னு."

"பீதான் விழுந்திருக்கும். அதை வேற தினமும் தரிசனம் பண்ணணுமா?"

தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். ஆனாலும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அலமாரிக் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, சாக்ஸுக்குள் எட்டிப் பார்ப்பாள். அதன் பிறகுதான் எனக்குக் காபி. இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று நான் கேட்காத நாள் கிடையாது.

அவளுக்கு எல்லா மீனையும் பிடிக்கும், ஒன்றை மட்டும் உயிர். விரல் நீளம், வெள்ளை உடம்பு, வால் பக்கம் நெருப்பாய்ச் சிவப்பு. மற்றதெல்லாம் தீனி விழுந்ததும் அடித்துப் பிடித்து வரும். இது மட்டும் பாறை இடுக்கில் உட்கார்ந்துகொண்டு, நாலு தரம் கூப்பிட்ட பிறகுதான் தலையை நீட்டும். அதனால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். "மாப்பிள்ளை, கோபப்படாம வாங்க, சாப்பிடுங்க" என்று கண்ணாடியில் ஒற்றை விரலால் தட்டுவாள். எனக்கு ஒருநாளும் அவ்வளவு உபசாரம் நடந்ததில்லை.

தொட்டி மூலையில் இருந்த அந்தச் சீப்புத் தடுப்பில் ஒரு பல் உடைந்திருந்தது. "ஏங்க, அதைச் சரிபண்ணிக் குடுங்க" என்றாள். அடுத்த வாரம் என்றேன். அப்படி நாலு மாசத்துக்கு அடுத்த வாரம் வந்துகொண்டே இருந்தது. ஊரில் உள்ள லிப்டெல்லாம் என் கையில் ஓடியது. ஒரு பிளாஸ்டிக் பல் ஒட்ட எனக்கு நேரம் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான்காம் எண் சாக்ஸை மாட்டிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதும் அவளுக்கு வீட்டு நினைப்புதான்.

"சாக்ஸ் மாத்தினீங்களா?"

"மாத்திட்டேன்."

"உள்ள பார்த்தீங்களா?"

"பார்த்தேன், பார்த்தேன்."

"மாப்பிள்ளை?"

"மாப்பிள்ளைக்கு என்ன, ராஜா மாதிரி இருக்கான். நீ முதல்ல எழுந்து வா."

இதில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னது மட்டும் உண்மை. தீனி போட ஒரு தடவை வீட்டுக்கு ஓடியபோது பார்த்தேன். மற்ற இரண்டும் பொய். "நான் வர்ற வரைக்கும் அவனைப் பார்த்துக்கோங்க" என்றாள். வெள்ளிக்கிழமை போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, அலமாரிக் கதவைத் திறந்தேன். சிவப்பு நூலில் நான்கு என்று தெரிந்தது. அவள் கை மாட்டியது. வளையத்துக்குள் விளிம்பை மடித்துச் செருகியிருந்த விதம்கூட அவளுடையதுதான். கையை நீட்டினேன், முடியவில்லை. இதைக் கழற்றினால் இந்த வீட்டில் அவள் செய்து வைத்த கடைசி வேலையும் முடிந்துபோகும் என்று தோன்றியது. கதவைச் சாத்தினேன். அதன் பிறகு திறக்கவே இல்லை.

மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன், பொய் சொல்லவில்லை. அவள் வைத்த அதே கரண்டியில் தீனி. ஆவியாகிக் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினேன். உப்பு அளவு பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். மாப்பிள்ளையை அவள் கூப்பிட்ட மாதிரியே, வெட்கத்தை விட்டு, விரலால் தட்டிக் கூப்பிட்டேன். முதல் நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்தான். அன்றைக்குத்தான் நான் முதல்முதலாக அழுதேன். அவள் விட்டுப்போனதில் என் குரலுக்குத் தலை நீட்டுகிற ஒரே ஜீவன் அவன். இவனை மட்டும் விடக்கூடாது என்று அவள் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் மாப்பிள்ளையைக் காணோம்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். பாறை இடுக்கு, பவளத்துக்கு அடி, தொட்டிக்குப் பின்னால் தரை. இந்த ஜாதி துள்ளுகிற ஜாதி என்று அவள் சொல்லியிருக்கிறாள். சோபாவைப் புரட்டிப் போட்டுப் பார்த்தேன். எங்கள் மகன், அம்மாவுக்காக லீவு போட்டு வந்து என்னோடு இருந்தவன், முந்தின நாள் மாலை அவன்தான் தீனி போட்டான்.

"மூடியைத் திறந்து வெச்சிட்டுப் போனியா?"

"மூடினேன்ப்பா."

"நீ மூடிக் கிழிச்ச! துள்ளி வெளிய விழுந்திருக்கு. எந்த மூலையில காஞ்சு கிடக்குதோ."

"அப்பா, சத்தியமா மூடினேன்."

"உங்கம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் கொன்னுட்டியேடா!"

எனக்குக் கோபம் வந்தால் வாயில் என்ன வருகிறது என்று எனக்கே தெரியாது. அவன் முகம் சுருங்கிப்போனது. அன்று மதியமே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். வாசல் வரை நான் போகவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த எட்டு நாளும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியை அலமாரிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, கால் அதன் கதவில் இடிக்க, மேலே பாறை இடுக்கையே பார்த்துக்கொண்டு. "எங்கடா போன மாப்பிள்ளை, வந்துடுடா" என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். தண்ணீர் மங்கலாகிக்கொண்டே வந்தது. பாறையில் பழுப்புப் பாசி படர்ந்தது. பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி மூடிக்கொண்டன. எல்லாம் துக்கம் கொண்டாடுகிறது என்று நினைத்தேன். எனக்கு மூளை அப்படித்தான் வேலை செய்தது.

இருபதாம் நாள் பொறுக்க முடியாமல், அவள் மீனும் உப்பும் வாங்குகிற கடைக்கு போன் போட்டேன். கடைக்காரம்மா அன்றே வந்துவிட்டாள். என் மனைவியை அக்கா என்று கூப்பிடுகிறவள். வாய்த்துடுக்கு, ஆனால் கைவேலை சுத்தம். தண்ணீரைக் குப்பியில் பிடித்து மருந்து விட்டுப் பார்த்தாள். நிறம் ரத்தமாகச் சிவந்தது; தண்ணீர் அவ்வளவு கெட்டிருந்தது.

"அண்ணே, சாக்ஸ் எப்ப மாத்தினீங்க?"

அவள் அலமாரிக் கதவைத் திறந்தாள். சாக்ஸின் விளிம்புக்கு மேலே தண்ணீர் அறைந்து, வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. துணி காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருந்தது.

"ஐயையோ, என்னண்ணே இது? மாசக்கணக்கா அப்படியே விட்ட மாதிரி இருக்கு."

"அதைத் தொடாதே!" என்று கத்தினேன். "அவ மாட்டினது."

கடைக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் துடுக்கு இல்லாமல், மெதுவாக, "நீங்களே எடுங்கண்ணே. அக்கா இருந்தா மூணாம் நாளே எடுத்திருப்பாங்க" என்றாள்.

எடுத்தேன். கனத்தது. குழாயடிக்குக் கொண்டுபோய், அவள் செய்கிற மாதிரி உள்புறம் வெளியே திருப்பினேன். சேறு மாதிரி அழுக்கு சரிந்தது. அதோடு கூட, என் உள்ளங்கையில், மாப்பிள்ளை விழுந்தான்.

வயிறு ஒட்டி, நூலாய் இளைத்திருந்தான். வால் சிவப்பு அப்படியே இருந்தது. கண்கூட மங்கவில்லை.

"அந்த உடைஞ்ச பல் வழியா வந்திருக்கு" என்றாள் கடைக்காரம்மா. "முன்னாடியே ரெண்டு தடவை இப்படி விழுந்து, அக்கா காலையில பார்த்து உயிரோட எடுத்து விட்டிருக்காங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லலையே."

"சொன்னா, சாக்ஸ்ல மீன் மாட்டுதுன்னு நீங்க அந்த மெஷினைக் கொண்டுவந்து வெச்சிடுவீங்கன்னு பயம். 'அவருகிட்ட சொல்லிடாதம்மா, ஜெயிச்சிட்டேன்னு குதிப்பாரு'ன்னாங்க."

என் கைக்குள் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கக் கூடாது என்று மனசு சொன்னது. கேட்டேன்.

"செத்து எத்தனை நாளாயிருக்கும்?"

அவள் தயங்கினாள். "இந்தத் தண்ணியில செத்தது ரெண்டு நாள்ல கரைஞ்சிடும்ண்ணே. இது நேத்தோ, இன்னைக்குக் காலையிலயோதான். தண்ணி அறையற வேகத்துல மேல ஏறி வர முடியாது. வந்து விழுந்த துணுக்கைத் தின்னுட்டு உள்ளயே இருந்திருக்கு."

எட்டு நாள். என் காலடியில், கதவுக்கு அந்தப் பக்கம். நான் மேலே பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கடைக்காரம்மா போன பிறகு ஐந்தாம் எண் சாக்ஸை மாட்டினேன். விளிம்பு என் மனைவி செருகின மாதிரி வரவில்லை. நான்காம் எண்ணை நானே கழுவிக் கொடியில் போட்டேன். பிளாஸ்டிக் துண்டு ஒன்றை அறுத்து, ராவி, உடைந்த பல்லை ஒட்டினேன். மொத்தம் இருபது நிமிஷ வேலை. பிறகு மகனுக்கு போன் போட்டேன்.

"டேய், நீ மூடியைத் திறந்து வைக்கலடா."

"அப்பா?"

"சாக்ஸுக்குள்ள இருந்தான். நான்தான் மாத்தாம விட்டுட்டேன். உன்னைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிடுடா."

என் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதே இல்லை. "விடுங்கப்பா. நீங்க தனியா எவ்வளவுதான் பார்ப்பீங்க? நீங்க சொல்லுவீங்களே, அந்த உருளை மெஷின், அதை நான் வாங்கி அனுப்பறேன்" என்றான்.

"வேண்டாம்டா. மெஷின் மாத்தும், பார்க்காதுன்னு உங்கம்மா சொல்லுவா."

"ம்."

"ஆஸ்பத்திரியில என்னைக் கேட்டாடா. உள்ள பார்த்தீங்களான்னு கேட்டா. பார்த்தேன்னு பொய் சொன்னேன். கடைசியா பேசினப்பவும் அவகிட்ட பொய்தான் சொல்லியிருக்கேன்."

மறுமுனையில் அவன் அழுகிற சத்தம் கேட்டது. அவன் அழுது முடிக்கிறவரை போனை வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.