மகாராஜாவின் முகத்துக்குச் செலவான சாயங்காலம்

மண்ணூரில் கங்கா வாடகைக்கு விட்டிருக்கும் காம்பவுண்டுக்குள் சாயங்காலம் வருவது நின்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வெயில் கடைசிவரை வெள்ளையாக அடிக்கும். பிறகு சுவிட்சை அணைத்ததுபோல் இருட்டிவிடும். நடுவில் ஒன்றும் கிடையாது. கேட்டைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் எல்லாம் வழக்கம்போல்தான். ஏரிக்குத் திரும்பும் கொக்குகள் சாம்பல் வானத்தில் போகும், கம்பெனி பஸ்கள் பாதி வெளிச்சத்தில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு வரும், டீக்கடையில் இரண்டாவது ஈடு போண்டா எண்ணெயில் விழும். அந்தப் பொழுது காம்பவுண்டுச் சுவர்வரை வந்து நின்றுகொள்ளும், உள்ளே நுழையாது. இது வேல்ராஜ் செய்த வேலை என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

வேல்ராஜ் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் லைனில் இருந்தான். கான்ட்ராக்ட் முடிந்து வெளியே அனுப்பியபோது ஊருக்குப் போக மனமில்லாமல், தான் குடியிருந்த காம்பவுண்டிலேயே தெருப்பக்கத்து அறையைக் கடையாக்கி, யாரோ உபயோகித்துக் கழித்த ஆறு கலர் போட்டோ பிரிண்டர் ஒன்றை வாங்கிப் போட்டான். பாஸ்போர்ட் போட்டோ, பிறந்தநாள் ஸ்டிக்கர், அட்டைக்கு லேமினேஷன் என்று பிழைப்பு ஓடியது. அவனோடு ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்த மகாராஜா, ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது லாரியில் அடிபட்டுச் செத்தான். அவன் போனும் சக்கரத்தில் நசுங்கிப்போனது. அவனுடைய அம்மா மாடத்திக்கு மிஞ்சியது ஆதார் அட்டையில் இருந்த படம் மட்டும். அதை ஒருதரம் பார்த்துவிட்டு, “இது யாரு பெத்த பிள்ளையோ” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேல்ராஜின் போனில் ஒரே ஒரு படம் இருந்தது. ஓவர்டைம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில், பொழுது சாய்கிற நேரத்தில் அவன் எடுத்தது. மகாராஜா திரும்பிப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறான். நெற்றியில் கொஞ்சம் வெளிச்சம். அங்கிருந்து கன்னம் வழியாகத் தாடைவரை நிழல் நழுவி இறங்குகிறது. சின்னத் திரையின் கூச்சத்தில் மாடத்திக்கு அது பிடிபடவில்லை, தாளில் போட்டுத் தரச் சொன்னாள்.

பிள்ளை செத்த இடத்தை விட்டுப் போகமாட்டேன் என்று மாடத்தி மண்ணூரிலேயே இருந்துவிட்டாள். கான்ட்ராக்டர் ஒருவர் மூலம் கம்பெனிக் கக்கூஸ் கழுவும் வேலை கிடைத்தது, அதே காம்பவுண்டின் கடைசி அறையும் கிடைத்தது. வேலை விட்டு வரும்போதெல்லாம் கடை வாசலில் நிற்பாள். அவளுடைய பிரச்சினை வேறு யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாதது. மகனின் முகம் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருந்தது. “நேத்து மூக்கு போயிட்டுய்யா. யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், வரமாட்டேங்கு. கண்ணும் போயிட்டுன்னா, நீ யாரு படத்த நீட்டினாலும் நான் எம்மவன்னுதான வாங்கிக்கிடணும்?” என்றாள். வேல்ராஜ் அன்றைக்கே மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். அவள் மறப்பதற்குள் படம் வந்தாக வேண்டும். வந்தது அவன்தான் என்று சொல்ல அவளை விட்டால் ஆள் இல்லை.

முதலில் கலரில் போட்டான். ஏரிக்கரைச் சிவப்பு முகத்தில் ஏறி, மகாராஜா காய்ச்சல்காரனாக வந்தான். கலரை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினான். கம்ப்யூட்டர் திரையில் அழகாக வழுக்கிய நிழல், தாளில் பட்டை பட்டையாக வந்து நின்றது. வெள்ளை ஒரு பட்டை, சாம்பல் ஒரு பட்டை, அப்புறம் திடீரென்று கறுப்பு. காலமெல்லாம் வயலில் நின்றவளான மாடத்தி அதைப் பார்த்து, “என்னய்யா, மூஞ்சில வரப்பு வெட்டி வச்சிருக்க?” என்றாள். பட்டையைக் குறைக்க எல்லாக் கலர் மையையும் கலந்து சாம்பல் உண்டாக்கும்படி மெஷினை மாற்றினால், படம் ட்யூப்லைட்டில் பச்சையும் வெயிலில் சிவப்புமாக இருந்தது. “ரூமுக்குள்ள பாசி புடிச்சுக் கெடக்கான், வெளிய வந்தா வெக்கப்படுதான்” என்றாள். கறுப்பு மையை மட்டும் வைத்து அடித்தால் நெற்றி முழுக்கப் புள்ளி புள்ளியாக, அம்மை போட்டவன் மாதிரி வந்தான். விலை கூடின தாள், விலை கூடின மை, சென்னையில் விசாரித்து வந்த யோசனைகள் எல்லாம் முகத்தில் மணல் தூவியதோடு சரி. மை பீச்சும் ஹெட் அடைத்துக்கொண்டால் சுத்தம் பண்ண வேண்டும், சுத்தம் பண்ணினால் பாதி மையை மெஷினே குடித்துவிடும். பம்பரில் பெயிண்ட் அடிக்கிறபோது துப்பாக்கியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் போதும், ஒரு நிறம் இன்னொன்றில் கரைந்துவிடும். இந்தச் சனியனுக்கு மணிக்கட்டே இல்லை. ஒருநாள் பிரிண்டரை ஓங்கி உதைத்தான். அவன் கால் விரல் வீங்கியது, பட்டை அப்படியே இருந்தது.

கடைசியில் கறுப்பு மையில் கேன் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் இளசு, அதைவிட இளசு, பார்த்தால் மை என்றே தெரியாத அளவுக்கு இளசு என்று பிரித்துக் கலர் டேங்குகளில் அவற்றை நிரப்பினான். வரப்பு சிறுத்ததே தவிரப் போகவில்லை. அடுத்த தடவை கலக்கியபோது மை நுரைத்துவிட்டது. நுரையோடு ஊற்றினால் கோடு கோடாக விட்டுப்போகும். கடையில் தகரக்கூரைச் சூடு வேறு. நுரை அடங்கட்டும் என்று பாட்டில்களை மூடியில்லாமல் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தான். பொழுது சாய்கிற நேரம். கொடியில் கிடந்த சட்டைகளிலிருந்தும் சின்டெக்ஸ் டேங்கின் வயிற்றிலிருந்தும் அந்தி வழிந்து வந்து பாட்டில்களின் வாய்க்குள் இறங்கியது, மழைத்தண்ணீர் சாக்கடை மூடியைத் தேடிப் போகிற மாதிரி. அது தீர்ந்ததும் இருட்டிவிட்டது. வேல்ராஜ் பாட்டில்களை எடுத்துப் பார்த்தான். முன்னைவிட லேசாகக் கனத்தன. அந்த மையில் நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் அடித்துப் பார்த்தான். நிழல் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாதபடி இறங்கியிருந்தது. மாடத்தி அந்தத் துண்டை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். “இது அவென் கன்னந்தான். மிச்சம் எங்கய்யா?” என்றாள்.

மிச்சத்துக்கு டேங்குகள் நிறைய வேண்டும். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு மூடி அளவுதான் தேறியது. மேகம் போட்ட நாளில் அதுவும் இல்லை. வேல்ராஜ் தெரிந்தேதான் தினமும் பாட்டில்களை மாடிக்கு ஏற்றினான். வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை. காம்பவுண்டில் இருந்தவர்கள் எல்லாம் ஷிப்டுக்காரர்கள். அந்த நேரத்தில் லைனில் நிற்பார்கள், இல்லையென்றால் போர்வையை இழுத்து மூடித் தூங்குவார்கள். கங்கா நாலு தெரு தள்ளி இருந்தாள். மெஷினில் விரல் வெட்டுப்பட்டு லீவில் கிடந்த பிரசன்னாதான் மாடியில் காற்றுக்கு உட்கார்ந்து முதலில் கண்டுபிடித்தான். “இப்பதான் வெயில் அடிச்சிக்கினு இருந்துச்சு, தோ இருட்டிடுச்சு. நடுவுல ஒண்ணு வருமே, அது இன்னா ஆச்சு?” என்று கேட்டான். மாத்திரை போட்டுத் தூங்கியிருப்பான் என்று எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை வாசல் பிள்ளையாருக்கு விளக்கேற்றக் கங்கா வந்தாள். கேட்டுக்கு வெளியே அந்தி இருந்தது. உள்ளே தீக்குச்சியைக் கிழிப்பதற்குள் கும்மிருட்டாகிவிட்டது. நேராக மாடிக்கு ஏறிப் போய்ப் பாட்டில்களைப் பார்த்தாள்.

“இன்னாப்பா வேலு, என் வூட்டு சாயங்காலத்த புட்டில அடைச்சி வச்சிக்கினு கீற? வெளக்கு வெக்கற நேரமே இல்லாத வூட்டுல எவன் குடியிருப்பான்? ஊத்து திருப்பி.”

ஊற்றினான். இருந்ததிலேயே பெரிய பாட்டிலைத்தான், மறுநாள் நல்ல வெயிலில், அவள் கண்முன்னால் ஊற்றினான். ஒரு பாய் விரித்த அளவுக்கு மாடித்தரையில் அந்தி படர்ந்தது. அதற்குள் கிடந்த பிரசன்னாவின் செருப்புகூடக் கொஞ்ச நேரம் பார்க்க நன்றாயிருந்தது. பிறகு வெயில் அதைக் காய்ச்சிவிட்டது. தரையில் ஒரு கறை தங்கியதே ஒழிய, அன்றைக்கும் உள்ளே சாயங்காலம் வரவில்லை. எடுத்தது எடுத்ததுதான், திரும்பாது என்று தெரிந்துபோயிற்று. ஒரு வார மை வீண். மாடத்தி மாடிப்படியில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். “கண்ணும் போயிட்டுய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கடையைக் காலி பண்ணச் சொன்னாள் கங்கா.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் இருந்தார்கள். வேல்ராஜ் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டு, நடந்ததை மறைக்காமல் சொல்லி, இன்னும் கொஞ்ச நாள் எடுத்தால்தான் முழு முகம் வரும், அப்புறம் இங்கே சாயங்காலம் அடியோடு இருக்காது, யாருக்கு அது வேண்டுமோ சொல்லுங்கள் என்றான். ஒருவன் தலையைச் சொறிந்தான். “ஏ ஷிப்ட்னா அந்நேரம் தூக்கம். பி ஷிப்ட்னா உள்ள லைட்டு. எனக்கு எதுக்குண்ணே அது?” என்றான். இன்னொருவன், பஸ் கண்ணாடி முழுக்கக் கறுப்பு பேப்பர் ஒட்டியிருக்கிறார்கள், ஊரைவிட்டு வந்த பிறகு தான் அந்தியையே பார்த்ததில்லை என்றான். பிரசன்னா கட்டுப்பிரித்த விரலை ஆட்டிக்காட்டி, “எனக்கு நாளிக்கு டூட்டி. எம்பங்கையும் சேத்து எடுத்துக்க” என்றான். யாராவது ஒருத்தன் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம் என்று வேல்ராஜுக்கு இருந்தது. கங்கா திட்டியதைவிட இதுதான் அவனை அதிகமாக எரிச்சல்படுத்தியது. இத்தனை ஆம்பிளைகளில் ஒருவனுக்குக்கூட அது தன்னுடையது என்று தோன்றவில்லை.

“அப்போ என் வெளக்கு?” என்றாள் கங்கா.

“போன்ல அலாரம் வெச்சிக்கக்கா” என்றான் பிரசன்னா. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவள் முந்தானையை உதறிக்கொண்டு, என்னமோ பண்ணித் தொலைங்கள் என்று இறங்கிப் போனாள்.

மழைமேகம் கலைந்து, டேங்குகள் நிறைந்து, வேல்ராஜ் படத்தை அடித்தபோது ஐப்பசி முடிந்துவிட்டது. மெஷின் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. நெற்றி வந்தது, கண்கள் வந்தன, மூக்கு வந்தது. கன்னத்தில் நிழல் தானாக இறங்கித் தாடையில் கரைந்தது. மாடத்தி ட்யூப்லைட்டில் பார்த்தாள், வெளியே கொண்டுபோய் வெயிலில் பார்த்தாள்.  வேல்ராஜ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுக்கு அடையாளம் தெரியாவிட்டால் இத்தனையும் குப்பை.

“யாரப் பாத்துய்யா இப்பிடிச் சிரிக்கான்?” என்று கேட்டாள்.

“என்னயத்தான்மா.”

“அவனேதான்” என்றாள் மாடத்தி. “எங்கிட்ட சிரிக்கயில வாய மூடிக்கிடுவான்.” படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போய்த் தன் அறையில் மாட்டினாள். மறுநாள் வேலைக்குப் போனாள்.

வேல்ராஜ் அதற்குப் பிறகு பாட்டில்களை மாடிக்கு ஏற்றவில்லை. ஆனாலும் சாயங்காலம் திரும்பவில்லை. கங்கா போனில் அலாரம் வைத்துக்கொண்டாள். அது அடித்ததும் வெள்ளை வெயிலிலேயே திரியைக் கொளுத்திவிட்டுப் போகிறாள். காலி அறை பார்க்கத் தெற்கத்திப் பையன்கள் வந்தால், பின்னால் தகராறு கூடாது என்று அவளே முதலில் சொல்லிவிடுவாள், “இங்க சாயங்காலம் வராது, பாத்துக்கங்க.” அவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டு, தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவீர்கள், பைக் நிறுத்த இடம் உண்டா என்று கேட்பார்கள்.